நாலாவது ஆள் எங்கே?

நம் மாவட்டத்துக் கல்லூரிப் பெண்கள் அணி ஒன்றின் பின்னால் கிராஸ் கன்ட்ரி போட்டி போட்டியாக அலைந்ததைப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை ஓட்டம் மட்டும்.

*கிராஸ் கன்ட்ரியும் மாரத்தானும் ஒன்றுதானே?*
– திருத்தங்கல் வாசகர்

வேறு வேறு. மாரத்தான் 42.195 கிலோமீட்டர், தார்ச்சாலையில். இது புல், மண், மேடு, பள்ளம் என்று தரை போகிற போக்கில். உலகப் போட்டியில் பெரியவர்களுக்கு 10 கிலோமீட்டர். மாரத்தானில் ஆள் ஜெயிப்பார். இங்கே அணி ஜெயிக்கும். நான் இதன் பின்னால் போனதே அதற்காகத்தான்.

*முதலில் வந்தது எங்கள் கல்லூரிப் பெண். இரண்டாவதும் எங்கள் பெண். கோப்பை மட்டும் அடுத்த கல்லூரிக்குப் போய்விட்டது. என்ன தில்லுமுல்லு இது?*
– அருப்புக்கோட்டை வாசகி

கூட்டல் கணக்கம்மா, தில்லுமுல்லு இல்லை. எந்த இடத்தில் வருகிறோமோ அதுவே புள்ளி. உலகப் போட்டி விதிப்படி ஓர் அணிக்கு ஆறு பேர் ஓடலாம். அவர்களில் முன்னால் வரும் நாலு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். யாருக்குக் குறைவோ அவர்களுக்குக் கோப்பை. உங்கள் பெண்கள் 1, 2, 9, 30 என்று வந்திருந்தால் மொத்தம் 42. எதிரணிப் பெண்கள் 6, 7, 8, 10 என்று கொத்தாக வந்தால் 31. முதல் ஐந்து இடத்தில் ஒருத்திகூட இல்லாமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இப்போது உங்கள் நாலாவது பெண்ணைப் பாருங்கள். கடைசிச் சுற்றில் இன்னும் பன்னிரண்டு பேரைத் தாண்டி 18-ஆக வந்திருந்தால் உங்கள் கணக்கு 30. கோப்பை உங்கள் ஊரில் இருந்திருக்கும். அவள் மூச்சு வாங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் முதல் இரண்டு பேருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு ஒரு குரல் கொடுக்க ஆள் இல்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

எத்தனை பேர் கணக்கில் வருவார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஏழு பேர் ஓடி ஐந்து பேரை எண்ணுகிறார்கள். அறிவிப்பை முதலிலேயே படித்துவிடுங்கள்.

*இரண்டு அணியும் சரிசமமாக நின்றால்? பூவா தலையா?*
– ராஜபாளையம் வாசகர்

இரண்டு அணியின் நாலாவது ஆளையும் பார்ப்பார்கள். கணக்கில் வரும் கடைசி ஆள் எந்த அணியில் முன்னால் வந்தாரோ அந்த அணிக்கு வெற்றி. விதி எழுதியவர் யாராக இருந்தாலும் கும்பிடலாம்.

*சும்மா நாலாவது ஆள், நாலாவது ஆள் என்கிறீர்கள். சரித்திரத்தில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.*
– சிவகாசி கல்லூரி மாணவர்

ஹெய்க்கி லீமத்தாய்னென். பின்லாந்துக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி இருந்தது. வெயில் 40 டிகிரிக்கு மேல். ஓட்டப் பாதையில் மின் நிலையத்துப் புகை வேறு. புறப்பட்டவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். முதலில் பாவோ நூர்மி, இரண்டாவது வில்லே ரித்தோலா, இருவரும் பின்லாந்து. ஆனால் அணிக்கு அப்போது மூன்று பேர் கணக்கு. மூன்றாவது ஆள் வராவிட்டால் அணிப் பதக்கம் கிடையாது.

லீமத்தாய்னென் தள்ளாடிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். எல்லைக்கோட்டுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் வந்த வழியே திரும்பினார். கூட்டம் கத்திய கத்தலில் மறுபடி திரும்பி, மெல்ல நடந்தே கோட்டைத் தாண்டினார். 12-ஆவது இடம். பின்லாந்துக்கு அணித் தங்கம். அதோடு கிராஸ் கன்ட்ரியை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூர்மி பெயர் உலகத்துக்கே தெரியும். அன்றைக்குத் தங்கத்தை நிச்சயமாக்கியவர் நடந்து வந்த அந்த மனிதர்.

*ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடலாமா?*
– விருதுநகர் வாசகர்

ஓடி முடித்த ராத்திரி சாப்பிடுங்கள், சால்னா ஊற ஊற. முந்தின ராத்திரி இட்லி.

*வெறுங்காலில் ஓடினால்தான் வேகம் என்கிறார்கள். நிஜமா?*
– சாத்தூர் மாணவி

மதுரைக்காரி ரேவதி வீரமணி ஷூ இல்லாமல் ஓட ஆரம்பித்தவர்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். ஆரம்பத்தில் அவர் வெறுங்காலில் ஓடியது ஷூ வாங்க வழியில்லாமல்தான். அதைப் போய்ப் பயிற்சி முறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். ஷூவின் அடியையே துளைத்துக்கொண்டு வரும். ஒரு நாள் பயிற்சி முடிந்து ஆறு பெண்களும் கரையில் வரிசையாக உட்கார்ந்து ஊக்கால் முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பூக்கட்டுகிற மாதிரி அவ்வளவு சாவகாசமாக.

மழை பெய்தால் கரிசல் வேறு கதை. ஒருத்தியின் ஷூவை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கை இறங்கியது. குச்சியால் வழிக்க வழிக்க மண் பாளம் பாளமாக விழுந்தது. அவள் அதோடு இரண்டு சுற்று ஓடியிருந்தாள்.

*பட்டாசு ஊரில் ஓடினால் நுரையீரல் என்ன ஆகும்?*
– சென்னை வாசகர்

பட்டாசைச் செய்வது இங்கே, கொளுத்துவது அங்கே. தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் கண்மாய்க் கரையில் ஓடுவதைவிட உங்கள் தெருவில் ஓடுவதற்குத்தான் நான் பயப்படுவேன். இங்கே ஆபத்து ஓடுகிறவர்களுக்கு இல்லை, உள்ளே உட்கார்ந்து மருந்து அடைக்கிறவர்களுக்கு.

*அந்த அணியில் பட்டாசு ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டா?*
– வெம்பக்கோட்டை வாசகி

உண்டு. நான் இத்தனை நேரமும் நாலாவது ஆள் என்று சொல்லிக்கொண்டிருப்பதே அந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான்.

போட்டியன்று அவள் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகளின் பனியனில் நம்பர் துணியை நாலு மூலையிலும் ஊக்கு குத்திவிட்டவர் அவர்தான். நகக்கண்களில் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மினுங்கியது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதாம்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டின சந்துக்குள் வரிசையாக விட்டு, வந்த இடத்தை எழுதின அட்டையைக் கையில் கொடுப்பார்கள். அவள் அட்டையில் 17. அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா நிமிர்த்திப் பார்த்தார்.

“பதினேழுன்னா தோத்துட்டமா தாயி?”

அவள் பதில் சொல்லவில்லை. கால்மணி நேரம் கழித்து பி.டி. சார் கணக்குத் தாளோடு ஓடி வந்தார். “அம்மா, ஒங்க பதினேழு இல்லேன்னா நமக்குக் கோப்பை இல்லம்மா!” என்றார். மூன்றே புள்ளியில் ஜெயித்திருந்தார்கள். அம்மா மேசைக்குப் போய், கணக்குக்காக அங்கே கொடுத்திருந்த அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

*பெண் பிள்ளைகளுக்குப் பத்து கிலோமீட்டர் அதிகம் இல்லையா?*
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்

இல்லை. விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி தொடங்கிய 1962-ல், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிக நீண்ட ஓட்டமே 800 மீட்டர். 1,500 மீட்டர் வந்தது 1972-ல். கிராஸ் கன்ட்ரி உலகப் போட்டியில் 2015 வரை ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8. 2017-ல் கம்பாலாவில்தான் இருவருக்கும் 10 என்று ஆனது. ஒவ்வொரு முறையும் உங்கள் கேள்வியை யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பெண்கள் ஓடிக் காட்டியிருக்கிறார்கள்.

*இந்த விளையாட்டு எங்கே பிறந்தது?*
– பள்ளி மாணவன், சிவகாசி

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகளில். இரண்டு பேர் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே காடு மேடாக ஓடுவார்கள். மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். அச்சகக் கழிவுக் காகிதம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற ஊரில் பிறந்திருக்கிறாய் தம்பி. நாளைக்கே விளையாடலாம். விளையாடி முடித்ததும் பொறுக்கிவிடு.

*ஓடினால் வேலை கிடைக்குமா?*
– சாத்தூர் வாசகர், ஒரு தகப்பன்

தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி ஓடுகிற பையனுக்கு அது பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடாக்குகிற வேகம். ராணுவத்திலும் இந்தக் கால்களுக்கு மதிப்பு உண்டு. புதுக்கோட்டை லட்சுமணன் ராணுவத்தில் இருந்துதான் 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும் உள்கோட்டை மிதித்ததாகப் பதக்கத்தை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

*அடுத்த போட்டிக்கு நானும் வரலாமா? எங்கே நின்று பார்ப்பது?*
– மல்லாங்கிணறு வாசகி

கட்டாயம் வாருங்கள். விடிந்ததும் தொடங்கிவிடுவார்கள், தூங்கிவிடாதீர்கள். எல்லைக்கோட்டில் நிற்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே கூட்டம். பாதையைப் பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டர் சுற்றாகப் போடுவார்கள், ஆகவே ஒரே இடத்தில் நின்றால் அணியை ஐந்து முறை பார்க்கலாம். மேடு ஏறி முடிகிற இடம் நல்லது. புறப்படுவதற்கு முன்னாலேயே பி.டி. சாரிடம் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகளின் பெயரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். நான் மேட்டின் இந்தப் பக்கம் நிற்கிறேன், நீங்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள்.