"விசேஷம் உண்டா?" – வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாற்பதுக்கு மேல் குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பது பற்றி ரிச்சர்ட்ஸ் டவுன் வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், கூக் டவுன் என்று பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கமிருந்தே கடிதங்கள் வந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். போடவில்லை.

எனக்கு 43 வயது. ரொம்பத் தாமதமாகிவிட்டதா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன்

தாமதம்தான். ஆனால் கதவு சாத்தப்பட்டுவிடவில்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம்தான் மிச்சம். அதன் பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. நாற்பதைத் தாண்டினால் எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய சிக்கல், மிச்சமிருப்பவற்றில் குரோமோசோம் பிழை உள்ளவை பெருகுவது. கரு தங்காமல் போவதற்கும், தங்கிய கரு கலைவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். நீங்கள் மாடி ஏறியதோ, பப்பாளி தின்றதோ இல்லை.

பிரிட்டனில் இந்தக் கணக்கை அரசு அமைப்பே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சொந்தக் கருமுட்டையில் உருவான ஒரு கருவைக் கருப்பையில் வைத்தால் அது குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு, 35 வயதுக்குக் கீழ் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். 43, 44 வயதில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். இந்த எண்ணை உங்கள் மருத்துவர் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அடுத்த முறை நீங்களே கேளுங்கள்: "டாக்டர், போன வருடம் இங்கே வந்த என் வயதுப் பெண்களில், சொந்தக் கருமுட்டையிலேயே எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" 'பாசிட்டிவ்' வந்தவர்களின் கணக்கைக் காட்டினால் ஏற்காதீர்கள். நாற்பதுக்கு மேல் தரிக்கும் கருவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கலைந்துவிடுகிறது. எண்ணைக் கேட்ட பிறகும் "முயன்று பார்க்கிறேன்" என்றால் அது உங்கள் முடிவு, மதிக்க வேண்டிய முடிவு. எண்ணையே மறைத்துவிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்குவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏ.எம்.எச். 0.6 என்று வந்திருக்கிறது. அழுதுகொண்டே எழுதுகிறேன்.
– வாசகி, கூக் டவுன்

அந்தச் சோதனை கருமுட்டைகளின் இருப்பைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஊசி போட்டால் எத்தனை முட்டை வளரக்கூடும் என்று மருத்துவர் கணிப்பதற்கு உதவும் ஒரு அளவு, அவ்வளவுதான். அந்த ஒரு காகிதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் நாளும் கடத்தாதீர்கள்.

பிரச்சினை என் மனைவிக்குத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சோதனை செய்ய வேண்டுமா?
– வாசகர், காக்ஸ் டவுன்

முதலில் நீங்கள். விந்தணுச் சோதனைக்குச் செலவும் குறைவு, வலியும் இல்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. உங்கள் மனைவி இத்தனை ஊசிகளுக்கு உடம்பைக் கொடுத்த பிறகு, நீங்கள் ஒரு சின்னக் குப்பியோடு ஆய்வகத்துக்குப் போகத் தயங்கினால் அவர் மனதில் அது எப்படித் தங்கும் என்று யோசியுங்கள். நாளைக் காலையே போய்விடுங்கள்.

தினமும் ஊசியாமே? வேலைக்குப் போகிறவள் எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ஃப்ரேசர் டவுன்

சுமார் பத்துப் பன்னிரண்டு நாள், தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு அடிவயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். என் தோழி ஒருத்தி மருந்தை ஃபிரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். ஒரு நாள் வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தது. ஐஸ் கட்டிப் பையோடு மருந்தை டிபன் பைக்குள் வைத்து எடுத்து வந்தாள். எட்டு மணிக்கு மண்டபத்தின் குளியலறைக்குள் போய், பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தளர்த்தி, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிச் சதையைப் பிடித்துத் தானே குத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே அவள் கணவர் கைக்குட்டையோடு நின்றார். வெளியே வந்தவளை ஒரு பெரியம்மா பிடித்துக்கொண்டு "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

ஸ்கேன்களைக் காலையிலேயே முடித்துக்கொண்டு அலுவலகம் போகலாம். கடைசி ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். அன்றும் மறுநாளும் மட்டுமாவது விடுப்பு எடுங்கள்.

கரு வைத்து ஆறு நாள் ஆகிறது. வீட்டிலேயே பார்க்கலாமா?
– வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன்

அரச மரத்தைச் சுற்றியதும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் முட்டையை முதிர வைக்கப் போடும் ஊசியிலும், கர்ப்பச் சோதனை அட்டை தேடும் அதே ஹார்மோன் இருப்பதுண்டு. அது பத்து நாள்வரைகூட உடம்பில் தங்கி, இல்லாத கர்ப்பத்துக்கு இரண்டு கோடு காட்டிவிடலாம். மருத்துவர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைதான்.

மருமகளை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு ஒன்பது வியாழக்கிழமை போகச் சொன்னேன். டாக்டரிடம்தான் போவேன் என்கிறாள்.
– ஒரு மாமியார், ஃப்ரேசர் டவுன்

அவள் டாக்டரிடம் போகட்டும், அவளுக்காக நீங்கள் கோயிலுக்குப் போங்கள். "வேலை வேலை என்று தள்ளிப்போட்டாள்" என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். அந்த வேலையில் வந்த சம்பளம்தான் இன்று சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது.

ஆந்திராவில் எழுபது தாண்டியவர் இரட்டைக் குழந்தை பெற்றாரே?
– வாசகர், பென்சன் டவுன்

2019 செப்டம்பரில், குண்டூரில் நடந்தது. தானமாகப் பெற்ற கருமுட்டையில். பல செய்திகளில் அந்த வரி கண்ணில் படாத இடத்தில் இருந்தது. நாற்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கு அது பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடுகிறது. இன்று இந்தியாவில் அப்படிச் செய்ய முடியாது. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது உச்சவரம்பு. பாடகர் சித்து மூஸேவாலாவின் தாய் 2024-ல் 58 வயதில் குழந்தை பெற்றபோது, மத்திய அரசு பஞ்சாப் அரசிடம் விளக்கம் கேட்டது இதனால்தான். வரம்பு சரியென்றே நினைக்கிறேன். நாற்பதுக்கு மேல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் அபாயம் கூடுகிறது. இரட்டைக் கரு என்றால் இன்னும் கூடும். "ஒரே ஒரு கரு போதுமா?" என்று நீங்கள்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தானக் கருமுட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அது என் குழந்தையாகுமா?
– வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன்

ஆகும். சட்டத்திலும் அப்படித்தான். பிறக்கும் குழந்தைக்கு எல்லா உரிமைகளும் உங்கள் வழியாகத்தான், தானம் தந்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், அதுவும் ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. முட்டை இளையவருடையது என்பதால் உங்கள் வயது வாய்ப்பை அவ்வளவாகக் குறைப்பதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது சட்டத்தை இல்லை என்று தெரிகிறது. உங்கள் மூக்கும் உங்கள் அம்மாவின் சிரிப்பும் அந்த முகத்தில் இருக்காது. அந்த இழப்பு உண்மையானது. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துக்கப்பட்டு முடியுங்கள், பிறகு முடிவெடுங்கள். மருத்துவமனை அவசரப்படுத்தினால் ஒரு மாதம் கேளுங்கள். தானக் கருமுட்டைக்கு அந்த ஒரு மாதத்தால் நஷ்டமில்லை. குழந்தை பிறந்தால், விவரம் தெரியும் வயதிலேயே நீங்களே அதனிடம் சொல்லிவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

டெஸ்ட் டியூப் குழந்தைகள் பலவீனமாக இருப்பார்களாமே?
– வாசகர், காக்ஸ் டவுன்

முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. அவருக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், இயல்பாகத் தரித்தவர்கள். எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அதைச் சாதித்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை அரசுக் குழு நம்பவில்லை, அவமானப்படுத்தியது. 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து, இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்று அப்போது சொல்லப்பட்ட ஹர்ஷா பிறக்க வழிசெய்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமார், பின்னாளில் பெங்களூரில் கருத்தரிப்பு மருத்துவமனை தொடங்கியவர். முகோபாத்யாயின் குறிப்புகளை 1997-ல் படித்துவிட்டு, "இந்தியாவில் முதலில் செய்தது நாங்கள் இல்லை, அவர்தான்" என்று அவரே ஊரறியச் சொன்னார். தன் பட்டத்தைத் தானே இறக்கி வைத்த மனிதர். துர்கா வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தன் 25-வது வயதில் வெளியே வந்து தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டார்.

சிகிச்சைக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?
– வாசகர், கூக் டவுன்

வேண்டாம். முதல் ஊசிக்கு முன்பே எத்தனை முறை, எவ்வளவு பணம் என்று இருவரும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தோற்ற அன்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் "இன்னும் ஒரே ஒரு முறை" என்றுதான் இருக்கும். சென்னைக்குப் போய்வர முடியுமென்றால் எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்தில் முதலில் விசாரியுங்கள்.

எனக்கு 43, கணவருக்கு 46. தத்தெடுக்க வயது கடந்துவிட்டதா?
– வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன்

இல்லை. 2022 விதிகளின்படி தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். 85-க்குள் இருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, 90-க்குள் இரண்டிலிருந்து நான்கு, 100-க்குள் நான்கிலிருந்து எட்டு. உங்கள் கூட்டுத்தொகை 89. பதிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். சிகிச்சை தோற்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்காதீர்கள், அப்படி ஆறுதலுக்கு வரவேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. உங்களுக்கு அந்த ஆசை தனியாக இருக்கிறதா என்று இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். இருவருக்கும் அடுத்த பிறந்தநாள் வந்துவிட்டால் 91.