பூஜ்யம் போட்ட புண்ணியவான்கள்

சி மொழியில் புரோகிராம் எழுதி, எங்கோ இருக்கிற சர்வரிலிருந்து ஒரு ஃபைலைப் பத்திரமாக இறக்க வேண்டுமா? ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் தொடங்கிய லிப்கர்ல் இருக்கிறது, காசும் கேட்பதில்லை. எதிர்முனை காட்டும் சான்றிதழ் நம்பகமான இடம் கொடுத்ததா, அதிலுள்ள பெயர் நாம் கூப்பிட்ட சர்வருடையதுதானா, இரண்டையும் அதுவே பார்த்துவிடும். 2002 முதல் இப்படித்தான். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும்.

சும்மா இருக்கிற ரகமா நம் எஞ்சினியர்கள்?

டெஸ்ட் சர்வரில் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ். கர்ல் 60-ஆம் எண் பிழையைக் காட்டி மறுக்கிறது. நாளைக்கு டெமோ. உடனே சான்றிதழைச் சோதிக்கும் ‘வெரிஃபைபியர்’ ஆப்ஷனுக்கு ஒரு பூஜ்யம், பெயரைச் சோதிக்கும் ‘வெரிஃபைஹோஸ்ட்’ ஆப்ஷனுக்கு ஒரு பூஜ்யம். மேலே ஒரு கமெண்ட்: “தற்காலிகம், பிறகு சரிசெய்யணும்.” அந்தத் தற்காலிகம் டெஸ்டிங்கைத் தாண்டி, ரிலீஸைத் தாண்டி, வாடிக்கையாளர் வீட்டுக்கே குடிபோய்விடும். அந்த டெஸ்ட் சான்றிதழை ஒரு ஃபைலில் வைத்து, ‘சிஏஇன்ஃபோ’ ஆப்ஷனில் பாதையைக் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. ஒரே வரி. இவர்கள் மெனக்கெட்டு இரண்டு வரி எழுதிக் கெடுத்தார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி உண்மையான சோம்பேறிகளை அவமானப்படுத்தாதீர்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. வெரிஃபைஹோஸ்டுக்கு ‘ட்ரூ’ என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள். அது 1 ஆகிவிடும், வேண்டியதோ 2. அன்றைய கர்லில் 1 என்றால், அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது, அதில் யார் பெயர் என்று பார்க்காமல் உள்ளே விடுவது. 2012-ல் ஆய்வாளர்கள் தோண்டியபோது அமேசானின் பணம் செலுத்தும் பிஎச்பி லைப்ரரியிலேயே இது இருந்தது. இவர்களையாவது மன்னிக்கலாம், ஆப்ஷனும் ஒரு பொறியாகத்தான் இருந்தது. அந்த ஆண்டே கர்ல் 1-ஐ ஏற்க மறுக்க ஆரம்பித்தது. பூஜ்யம் போட்டவனை எந்தக் கர்ல் காப்பாற்றும்?

“அதான் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தானே போகுது சார்?” போகிறது, மகராசா. திருடனுக்கும் உனக்கும் நடுவே பரம ரகசியமாகப் போகிறது. வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. இறக்குவது வெறும் படமென்றால் தொலையட்டும். நீ இறக்குவது வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் பெட்டிக்கான அப்டேட். வந்து விழுந்ததும் ரூட் அதிகாரத்தோடு ஓடப்போவது. நடுவழியில் வைஃபையைக் கையில் வைத்திருக்கிறவன் எதை அனுப்பினாலும் வாடிக்கையாளரின் பெட்டி வாயைத் திறந்து விழுங்கும். அந்தப் பெட்டியின் விளம்பரத்தில் மட்டும் ‘வங்கித் தரப் பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்து!

2014 பிப்ரவரியில் ஆப்பிளின் சி கோடில் ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி இரண்டு முறை விழுந்து, கையெழுத்துச் சோதனையே நடக்காமல் போனது. உலகமே கைகொட்டிச் சிரித்தது. அது கைதவறியது. உங்களுக்கு எந்தக் கை தவறியது?

இன்றைக்கே உங்கள் கம்பெனி கோடில் ‘வெரிஃபைபியர்’ என்று தேடிப் பாருங்கள். பக்கத்தில் பூஜ்யம் இருந்தால், எழுதியது யார், எந்தத் தேதியில் என்று கிட் காட்டிக்கொடுக்கும். அநேகமாக அந்த ஆள்தான் இப்போது செக்யூரிட்டி டீம் லீட்.