இல்லாத நாட்டுக்கு ஆறு சதவீத வட்டி

நெப்போலியனை ஒழித்துக்கட்டிய பிறகு இங்கிலாந்துக்காரர்கள் கையில் பணம் புரண்டது. அரசாங்கப் பத்திரமோ மூன்று, நான்கு சதவீதத்துக்கு மேல் வட்டி தரவில்லை. கதை கேட்க ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த இந்த நேரம் பார்த்து, 1821இல் லண்டனில் வந்து இறங்கினார் கிரெகர் மெக்ரெகர். ஸ்காட்லாந்துக்காரர். தென் அமெரிக்க விடுதலைப் போர்த் தலைவர் பொலிவாரின் படையில் ஜெனரல். பொலிவார் குடும்பத்துப் பெண்ணையே கட்டியவர். இதுவரை வரலாறு, இனி புராணம். மத்திய அமெரிக்காவில் ‘போயாய்ஸ்’ என்றொரு நாடாம். அதற்கு இவர்தான் அதிபதியாம்!

உண்மையில் அது மஸ்கிட்டோ கடற்கரை ராஜா எழுதிக்கொடுத்த 80 லட்சம் ஏக்கர் காடு. அதைப் பற்றி, தாமஸ் ஸ்ட்ரேஞ்வேஸ் என்ற பெயரில் 350 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் வந்தது. மக்காச்சோளம் வருஷத்துக்கு மூன்று போகம், ஆற்றில் தங்கம், செயின்ட் ஜோசப் என்று அழகான தலைநகரம். நம்மூர் மனை விளம்பரத்தில் வரும் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்’ இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

1822இல் போயாய்ஸ் அரசு இரண்டு லட்சம் பவுண்டு கடன் கேட்டது. ஆறு சதவீத வட்டி; நூறு பவுண்டு பத்திரம் எண்பதுக்கு. விற்றுக்கொடுத்தது, லண்டனின் முன்னாள் மேயர் ஜான் பெர்ரிங்கின் நிறுவனம். அதே வருஷம், அதே வட்டிக்குக் கடன் கேட்ட சிலி நாட்டின் பத்திரம் எழுபதுக்குத்தான் போனது. சிலி செய்த ஒரே தப்பு, நிஜமாகவே இருந்தது. மலை, கடல், போர், வறுமை எல்லாம் அதற்கு உண்டு. போயாய்ஸுக்கு ஒரு குறையும் கிடையாது.

பத்திரம் வாங்கியவர்களுக்குப் பணம்தான் போனது. குடியேற இரண்டு கப்பல்களில் போன சுமார் 250 பேர், கையிருப்புப் பவுண்டை ஸ்காட்லாந்தில் அச்சடித்த போயாய்ஸ் டாலராக மாற்றிக்கொண்டு போய், வெறுங்காட்டில் இறங்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காய்ச்சலில் செத்தார்கள். பிழைத்து வந்தவர்களில் சிலர், மெக்ரெகர்மேல் தப்பில்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். கதையின் பிடி அப்படி.

அவர் பாரிஸுக்குப் போய் அதே கடையை மறுபடி விரித்தார். வழக்கு நடந்தது, 1826இல் விடுதலை. அதே வருஷம் சிலி, பெரு, கொலம்பியா மூன்றும் வட்டி கட்டுவதை நிறுத்தின. முதலீட்டாளருக்கு, இருக்கிற நாடும் இல்லாத நாடும் ஒன்றாகிவிட்டன.

மெக்ரெகர் 1845இல் கராகஸில், வெனிசுவேலா அரசின் பென்ஷனோடு காலமானார். வட்டி எத்தனை சதவீதம் என்று விசாரிக்கும்முன், அந்த ஊருக்குப் போய் வந்தவர் யாராவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.