ஆயா துப்பிய விதை

வந்தவாசிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் தர்பூசணியை யாரும் பயிரிட்டதில்லை. அதுவாக வந்தது. சித்திரை வெயிலில் துவைகல்மேல் உட்கார்ந்து பழம் தின்போம். யார் தூரமாக விதையைத் துப்புவது என்பதில் ஆயாவும் போட்டிக்கு உண்டு. துவைத்த தண்ணீர் ஓடும் பக்கம் ஏதாவது ஒன்று முளைக்கும், படரும், காய்க்கும். அணிலும் பெருச்சாளியும் தின்றது போக மிச்சம் எங்களுக்கு. ஆயா காயைத் தட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். காம்பை ஒட்டிய சுருள் காய்ந்து, தரையில் கிடந்த பக்கம் மஞ்சளாகியிருந்தால் அரிவாள்மணையை எடுத்துவிடுவாள்.

உள்ளே வெளிர் ரோஸ். வெள்ளைப் பகுதிதான் அதிகம். அது மறுநாள் பாசிப்பருப்புக் கூட்டாகும். ஆனால் இன்று உறவுக்காரர்கள் கூடினால், "அந்தப் பழம்… தேன்!" என்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் அதில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது.

2025 கோடையில், தர்பூசணிக்குச் சாய ஊசி போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, நல்ல சீசனில் விலை விழுந்து விவசாயிகள் தவித்தார்களே, அப்போதே என் மருமகள் முடிவு செய்துவிட்டாள்: இனி சென்னை மாடியில் விளைந்த பழம்தான்.

தின்ற பழத்தின் விதை உதவாதாம். கடைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதை தாயைப்போலக் காய்க்காது. ஆகவே பாக்கெட் விதை, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், கம்பிப் பந்தல். தேனீ மட்டும் கடையில் கிடைக்கவில்லை. பெண் பூ காலையில் விரிந்தால் மதியத்துக்குள் சுருங்கிவிடும் என்பதால், என் மகன் ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் ஹெட்போனோடு மாடிக்கு ஓடுவான். ஆண் பூவைக் கிள்ளி, அடியில் குட்டிக்காய் ஒட்டிய பெண் பூவில் தடவுவான். ஜாதகம் பார்க்காததுதான் பாக்கி.

பிடித்த ஒற்றைக் காய்க்கு வெங்காய வலையில் தொட்டில் கட்டினோம். தொங்குகிற காய்க்குத் தரை ஏது, மஞ்சள் ஏது? சுருள் காய்ந்துவிட்டது, பறிக்கலாம் என்றேன்.

"வீடியோல 35 நாள் சொல்றாங்க மாமா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

பறித்தபோது ஒன்றே முக்கால் கிலோ. குடியிருப்பு மொத்தமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. வெட்டத்தான் யாருக்கும் மனம் வரவில்லை; மகள் மே மாதம் ஊரிலிருந்து வருகிறாள், அவளும் பார்க்க வேண்டாமா? அதுவரை தின்ன, தெருமுனைத் தள்ளுவண்டியில் பெரிதாக ஒன்று வாங்கிவந்தோம். நல்ல சிவப்பு. சாயத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.