அப்பத்தா காலை அமுக்குற சாக்கு

ஏண்டி ஆத்தா, நூறு யூனிட்டு இலவசம்ங்கிற தைரியமா உனக்கு? ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சா உன் ரூம்புல லைட்டு எரியுது. எட்டிப் பாத்தா நீ படிக்கலை, புத்தகத்துக்குக் காவல் காக்குற. பக்கம் பொரண்டா காத்துல பொரண்டாத்தான் உண்டு. நான் பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காதவதான். அதுக்காக, படிக்கிற முழி எது, பயந்த முழி எதுன்னு கூடவா தெரியாமப் போகும்?

ரெண்டு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு அலாரம் வைக்கிற. பகல்ல படிச்சது ராத்திரித் தூக்கத்துலதான் மண்டையில தங்குமாம், ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லுச்சு. நீ தூக்கத்தையும் விரட்டிட்டு, படிச்சது நிக்கலையேன்னு மூக்கைச் சிந்துற. கெட்டிக்காரிதான் போ.

அந்த நீல மாத்திரை விசயம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இரும்புச் சத்துன்னு வாரம் ஒண்ணு பள்ளிக்கூடத்துல குடுக்குறாக. டீச்சரு அந்தப் பக்கம் திரும்புனா அது ஜன்னல் வழியாப் போயிருது. உங்க வகுப்புக்குப் பின்னாடி இருக்குற வேப்ப மரம் எப்பிடி அம்புட்டுத் தெம்பா நிக்கிதுன்னு இப்பத்தான வெளங்குது! மாசாமாசம் தூரமாகுற ஒடம்புடி. ரத்தம் கொறஞ்சா தலை சுத்தும், அசதி தட்டும், படிச்சது மனசுல ஒட்டாது, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வரும். நீ அதுக்கு 'எனக்குப் படிப்பு வராது'ன்னு ஒரு பேரு வச்சுக்கிட்டு அழுகுற. முருங்கைக்கீரையத் தட்டு ஓரத்துல ஒதுக்குறதுக்கு ஒரு பரிச்சை வச்சா நீதான் மாநிலத்துல மொதலு. தின்ன கையோட டீயக் குடிக்காத, சாப்பாட்டுல இருக்குற இரும்பை ஒடம்புல சேர விடாதாம். ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி, டீ ஒண்ணும் ஓடிப் போயிராது.

மாநிலத்துல மொதலுன்னதும் நெனப்பு வருது. மொத மூணு இடம் யாருன்னு அறிவிக்கிறதை 2017லயே கவருமெண்டு நிறுத்திருச்சு. எதுத்த வீட்டுக்காரிதான் இன்னும் நிறுத்தலை. பல்லு வெளக்கும்போதே 'என்ன, அறுநூத்துக்கு எம்புட்டு வரும்?'னு வேலி மேல எட்டிக் கேக்குறா. நீ பதிலே சொல்லாத. 'உங்க மக சீட்டுப் பணம் கட்டி முடிச்சுட்டாளா அத்தை?'ன்னு திருப்பிக் கேளு. அப்புறம் வேலிப் பக்கம் தலை தெரியாது. தப்புத்தான், ஆனா பரிச்சை முடியிற வரைக்கும் செல்லும்.

உன் முழி மாறுனது எப்பருந்துன்னு எனக்குத் தெரியும். 'மார்க்கு கொறஞ்சா அத்தை மகனுக்குக் கட்டி வச்சுருவேன்'னு உங்கப்பன் சொன்னான்ல, அன்னையில இருந்து. அந்த அத்தை மகனும் எம் பேரன்தான். அதனாலதான் சொல்றேன், தெரிஞ்சு ஒரு பிள்ளைய அவன் கையில ஒப்படைக்க மாட்டேன். பதினெட்டு முடியாம எவனாச்சும் தாலியத் தூக்குனா 1098க்கு ஒரு போனு போதும், பந்தல் கால் ஊனுறதுக்குள்ள ஆளு வந்துருவாக. காலேஜுக்குக் காசில்லைன்னு உங்கப்பன் இழுத்தான்னா புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லு. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச நீ காலேஜு போனா மாசம் ஆயிரம் உன் பேர்லயே பேங்குல விழும். ஒரு பாடம் போனாலும் அந்த வருசமே துணைத் தேர்வு எழுதிக்கலாம். உங்கப்பன் எத்தனை தடவை எழுதுனான்னு அவன்கிட்டயே கேளு, அடுத்த வீடு வரைக்கும் அமைதியாயிரும்.

நம்ம புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மா கதைய நீதான சத்தம் போட்டுப் படிச்சுக் காமிச்ச? மகாராசா காலேசுல ஆம்பளப் பசங்க நடுவுல அவுகளைத் திரை கட்டி ஒளிச்சு உக்கார வச்சாகளாம். 1907ல மெட்ராசு மெடிக்கல் காலேஜுக்குப் போயி 1912ல டாக்டராயி வந்தாக. இந்த ஊரு அப்ப சும்மாவா இருந்துருக்கும்? வாயில போட்டு மென்னுருக்கும். மென்னவுக பேரு ஒண்ணு சொல்லு பாப்போம்.

ஒண்ணை மட்டும் கேலி பண்ண மாட்டேன். சோறு எறங்காம, தூக்கம் வராம, இருந்து என்ன பண்ணங்கிற நெனப்பு எட்டிப் பாத்தா, அந்த நிமிசமே என்னைய எழுப்பு. ராத்திரி எந்நேரமானாலும் சரி. என்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா 14416ன்னு ஒரு நம்பரு இருக்கு, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாக, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாக. நம்பரைக் கைல எழுதிக்க. பரிச்சைக்கு முன்னாடி அழிச்சுரு, பிட்டுன்னு புடிச்சுருவாக.

இப்ப வீட்டு வேலைக்கு வருவோம். உன் தம்பிக்குப் பரிச்சைன்னா டிவி ஊமையாகுது, பூஸ்ட்டு வருது. உனக்குப் பரிச்சைன்னா 'அந்த வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே படி'ங்குறா உங்கம்மா. சண்டைக்குப் போகாத, 'படிச்ச திமிரு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாக. தம்பிக்காரன்கிட்ட, 'கொடம் தூக்குனா தோளு அகலமாகும், சிக்ஸு வேலிக்கு வெளிய போகும்'னு சொல்லு. நேத்து நான் சொல்லிப் பாத்தேன், மூணு கொடம் தூக்கிட்டான். நீ புத்தகத்தை மடியில மறைச்சுக்கிட்டு, 'அப்பத்தாவுக்குக் கால் அமுக்குறேன்'னு சொல்லிட்டு என் கட்டிலுக்கு வந்துரு. மாமியாங்கிற பட்டத்துக்கு இந்த வீட்ல இன்னும் கொஞ்சம் செல்வாக்கு பாக்கி இருக்கு. காலை நானே அமுக்கிக்கிறேன், நீ அந்தக் கெமிஸ்ட்ரியப் பாரு.

உங்கம்மா அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறா. கொஞ்சம் சத்தமாக் கேளுடி: 'அப்பத்தா, இன்னும் வலிக்குதா?'