தெர்மாகோல் பிடிக்கிறவன்

விஸ்காம் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை குறும்படம் எடுக்கக் கிளம்பினால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பதவி இருக்கும். இயக்குநர் இருப்பார், கதை வருவதற்கு முன்பே அவருக்குத் தாடி வந்திருக்கும். டிஓபி என்கிற ஒளிப்பதிவாளர் இருப்பார். இணை இயக்குநர் இருப்பார். இயக்குநர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வது அவர் துறை. எடிட்டருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. எடுக்கிற ஒவ்வொரு ஷாட்டுக்கும் உதட்டைப் பிதுக்கி, ‘இது கட் ஆகாது மச்சான்’ என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? கேமரா யாருடைய வீட்டில் இருந்ததோ அவர் தயாரிப்பாளர். பத்தாவது ஆளுக்கு மட்டும் பதவி கிடையாது. ‘நீ சும்மா வா மச்சான், மதியம் பிரியாணி இருக்கு’ என்று அழைத்து வரப்பட்டவன் அவன். வந்த ஐந்தாவது நிமிடம் கையில் ஒரு தெர்மாகோல் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். மாலையில் பேக்அப் சொல்லும்போது, சினிமா என்றால் என்ன என்று உருப்படியாக ஏதாவது தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவன் இவன் ஒருவன்தான் என்பது என் கட்சி.

சாட்சிக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கே போவோம். சென்னை மாணவர் படங்களில் காதலர்கள் பிரிவதற்கு அதைவிட வசதியான இடம் அமையவில்லை. 1930இல் கடலில் மூழ்கி இறந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் அங்கே நிற்கிறது; அதைக் கட்டியவர்கள் அது இத்தனை பிரேக்-அப்புகளைத் தாங்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ‘கடல். சூரிய அஸ்தமனம். அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்’ என்று திரைக்கதையில் இருக்கும். சென்னையில் சூரியன் கடலில் உதிக்குமே தவிர மறையாது என்பது எழுதிய இரவில் யாருக்கும் தோன்றியிருக்காது. சரி, உதயத்தையே எடுத்து அஸ்தமனம் ஆக்கிவிடலாம் என்று முடிவாகி, 5 மணிக்கு வரச் சொல்லி, 6.30க்கு வந்து சேர்வார்கள். பின்னணியில் ஷூ மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் மாமாக்களைப் பார்த்தால் அது எந்த வேளை என்று குழந்தைக்கும் தெரியும், போகட்டும். கேமரா கிழக்கே பார்க்கிறது, சூரியன் நாயகியின் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெளுத்துப் போகிறது, வானத்துக்கு வைத்தால் முகம் இருட்டு. டிஓபி கையை விரித்த பிறகுதான் நம் ஆளுக்கு அழைப்பு வருகிறது. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய அட்டை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் அம்மாவின் அடுப்படியிலிருந்து வந்த அலுமினியத் தாள் சுருக்கமும் நெளிவுமாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதைச் சாய்க்கிறான். வெளிச்சம் முதலில் மணலில் விழுகிறது, பிறகு துப்பட்டாவில், பிறகு கழுத்தில். மணிக்கட்டை இன்னும் சற்றுத் திருப்பினால் கன்னத்துக்கு ஏறி, கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக உட்காருகிறது. அந்தப் புள்ளி வந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. இயக்குநர் அரை மணி நேரமாக ‘ஃபீல் பண்ணுங்க’ என்று கெஞ்சியும் வராதது அது.

அதோடு பாடம் முடிவதில்லை. தாளின் பளபளப்பு கண்ணைக் கூசவைத்தால் வெள்ளைப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். வெள்ளைப் பக்கத்துக்கு வெளிச்சம் போதாது, கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் ‘டேய், ஃப்ரேம்ல வர்ற!’ என்று சத்தம் வரும். ஃப்ரேமுக்கு ஒரு விரற்கடை வெளியே, முகத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகே நிற்பது எப்படி என்று அவன் உடம்பாலேயே கற்றுக்கொள்கிறான். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழிபோல நிழல் விழும். அதைப் போக்க அட்டையை இடுப்புக்குக் கீழே ஏந்த வேண்டும், அதற்குச் சுடுமணலில் மண்டி போட வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கடல் காற்றும் எழும்பும். அட்டை காற்றை வாங்கி ஆளையும் சேர்த்து இழுக்கும். ஒரு மூலை உடைந்து வெள்ளை மணிகள் நாயகன் தலையில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நடுவே வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், ‘என்ன தம்பி, சீரியலா?’ என்று கேட்பது இவனிடம்தான். ‘பெர்மிஷன் வாங்கினீங்களா?’ என்று போலீஸ்காரர் கேட்பதும் இவனிடம்தான். மற்றவர்கள் கையில் செல்போன்தான் இருக்கிறது. வேலை செய்கிறவனைப் போல் தெரிகிறவன்தானே பொறுப்பாளி? ‘காலேஜ் ப்ராஜெக்ட் சார்’ என்று அட்டையை இறக்காமலே பதில் சொல்லிப் பழகுகிறான். தயாரிப்பு நிர்வாகம் என்ற பாடத்தில் பாதி இதில் அடங்கிவிட்டது.

கன்டினியூட்டியை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நாயகியின் குளோசப்பை 7 மணிக்கும் நாயகனின் குளோசப்பை 11 மணிக்கும் எடுத்துவிட்டு, ஒரே உரையாடலில் ஒருத்தி காலையிலும் ஒருவன் மதியத்திலும் நிற்பதை எடிட்டர் செவ்வாய்க்கிழமை கண்டுபிடிப்பார். அட்டை பிடிக்கிறவனுக்கு அது அங்கேயே தெரியும். டேக்குக்கு டேக் ஓர் அடி நகர்ந்துகொண்டே இருந்தவன் அவன். சொன்னால் யார் கேட்பார்கள்? வெளிப்புறம் யாருக்காகவும் காத்திருக்காது என்பதைப் பெரியவர்களே அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். விளம்பர நிறுவன வேலையை விடாமல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கிய சத்யஜித் ராய், 1952 அக்டோபரில் நாணற்பூ வெளியில் முதல் நாள் படப்பிடிப்பை முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு திரும்பிப் போனார். பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மீதிக் காட்சிக்கு மறுபடி பூக்கும் பருவம் வரை பொறுக்க வேண்டியதாயிற்று. அவர் பொறுத்தார். நம் இயக்குநருக்குத் திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு.

‘அட்டை பிடிக்கிறவன் மானிட்டரைப் பார்ப்பதே இல்லை, ஃப்ரேமைப் பார்க்காதவன் சினிமாவை எங்கே கற்பது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாணவர் யூனிட்டில் மானிட்டர் என்பது கேமராவின் முதுகில் இருக்கிற மூன்று அங்குலத் திரை; அதன் மேல் ஆறு தலைகள் கவிழ்ந்திருக்கின்றன, வெயிலில் அதில் தெரிவது பெரும்பாலும் அவரவர் தாடி. நடிகையின் முகத்தை இரண்டடியில் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறவன் இவன். எந்த டேக்கில் அழுகை வந்தது, எந்த டேக்கில் வெயிலுக்குக் கண் கலங்கியது என்று இவனுக்குத் தெரியும். ‘அவன் பிரியாணிக்கு வந்தவன், அவனுக்கு இதிலெல்லாம் அக்கறை ஏது?’ என்றும் சொல்வார்கள். அக்கறை இல்லாமல் வந்தவன் என்பதே அவனுக்கு வசதி. அவன் மனதில் ஏற்கெனவே ஓடி முடிந்த படம் எதுவும் இல்லை. அதனால் எதிரே நடப்பது கண்ணில் படுகிறது. தவிர, பிரியாணி வந்து சேரும்போது மணி மூன்றரை, இவன் முறை வரும்போது குஸ்காதான் மிச்சம். அதற்கப்புறமும் அட்டையைத் தூக்குகிறவனை வேறு எப்படித்தான் சொல்வது?

புதுக் கருவிகளைக் காட்டி மறுக்கிறவர்களும் உண்டு. இப்போதைய கேமராக்கள் நிழலிலும் விவரத்தைப் பிடிக்கின்றன, மிச்சத்தைக் கலர் கரெக்ஷனில் பார்த்துக்கொள்ளலாம், தெர்மாகோல் பழங்கதை என்கிறார்கள். கணினியில் முகத்தை வெளுக்க வைக்கலாம், கண்ணுக்குள் அந்தப் புள்ளியை வைக்க முடிந்தவர்கள் குறைவு. பழங்கதை என்றால் எவ்வளவு பழசு என்றும் பார்க்கலாம். ‘பதேர் பாஞ்சாலி’க்குக் கேமரா பிடிக்க வந்தபோது சுப்ரதோ மித்ராவுக்கு 21 வயது, அதற்கு முன் சினிமாக் கேமராவை இயக்கியதில்லை. 1956இல் வந்த ‘அபராஜிதோ’வுக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட வேண்டி வந்தது. மேலே வெள்ளைத் துணியை வானமாக விரித்துக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி விழுகிற வெளிச்சத்தில் அவர் படம் எடுத்தார். பார்த்தவர்கள் நிஜ முற்றம் என்றே நம்பினார்கள். நம் பையன் சுடுமணலில் மண்டி போட்டுச் செய்வதும் அதே காரியம்தான். துணிக்குப் பதில் ஸ்டேஷனரிக் கடை.

கடைசியாக ஒரு வாதம் வரும். ‘நாளைய இயக்குநர்’ போட்டியிலிருந்து வந்து 2012இல் ‘பீட்சா’ எடுத்தவரும் 2013இல் ‘சூது கவ்வும்’ எடுத்தவரும் இயக்குநர்களாக வந்தவர்கள்தானே, அட்டை பிடித்தவன் எவன் பெயர் வெளியே வந்தது? வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். டைட்டிலில்கூட அவன் பெயர் ‘நன்றி’ பட்டியலில், டீக்கடைக்குக் கீழே, ஓர் எழுத்து தப்பாகத்தான் வரும். நான் சொன்னது யார் பேர் வாங்கினார்கள் என்பதை அல்ல, அன்றைக்கு யார் கற்றார்கள் என்பதை. அதோடு மாணவர் சினிமாவில் இது மொய்க் கணக்கு: இவன் படத்துக்கு அவன் பிடித்தால், அவன் படத்துக்கு இவன் பிடிக்க வேண்டும். ஆகவே ஆறாம் செமஸ்டரில் நம் ஆளும் ஒரு படம் எடுப்பான். கதை சுமார்தான், அதிலும் காதலர்கள் பிரிவார்கள், அதே மண்டபம். ஆனால் லொகேஷன் பார்க்கப் போனதும் முதல் கேள்வியாக ‘வெயில் எந்தப் பக்கம் வரும்?’ என்று கேட்பான். நாயகியின் கண்ணுக்குக் கீழே நிழல் இருக்காது. அட்டை பிடிக்கப் பழைய இயக்குநருக்குப் போன் போடுவான். அவருக்குச் சனிக்கிழமை இரவே காய்ச்சல் வந்திருக்கும்.