கிளிமூக்குக் கத்தி

திருவொற்றியூரில் மாடித்தோட்டம் என்றால் ஆறு தொட்டி, நாலு கத்தரிச்செடி, ஒரு வாடிய ரோஜா. இதற்கு அலகு வளைந்த மடக்குக் கத்திதான் சரி என்று ஒரு மாதம் ஆராய்ந்தேன். வளைவு சும்மா இல்லை. நம் பக்கம் இழுத்தால் தண்டு நழுவாமல் கொக்கிக்குள் மாட்டும். அரிவாளின் பேரப்பிள்ளை என்று வையுங்கள்.

அடுத்து உலோகம். கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம். ஆனால் எண்ணூர்க் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது. ஆகவே எவர்சில்வர் ஜாதி.

அலகு நீளத்துக்கு ஆயுதச் சட்ட விதிகள் வைக்கும் 9 அங்குல வரம்பையும் படித்தேன். தோட்டக் கருவிக்கு அது பொருந்தாது. தவிர, என் கத்தி 3 அங்குலம்.

காசிமேட்டில் வஞ்சிரம் துண்டு போடும் அக்காவிடம் பெருமையாக விரித்துக் காட்டினேன்.

“இன்னா சார், நகம் வெட்டிக்கவா?”

இப்போது அது பால் பாக்கெட் வெட்டுகிறது.